ஊது வாத்தியம் வாசிக்கும் பிள்ளையை எங்கே படிக்க வைப்பது? டர்பன் பெற்றோர் கேட்கும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் கிளாரினெட் சொல்லிக் கொடுக்கிறேன். அப்பா கும்பகோணம் பக்கத்திலிருந்து இங்கே ஒரு கோயிலில் நாகஸ்வரம் வாசிக்க வந்து, அப்படியே தங்கிவிட்டவர். வீட்டில் தமிழ் தங்கியதும் அவரால்தான். ஆடி மாதம் கோயிலில் கூழ் ஊற்றும்போது, கையில் கிண்ணத்தோடு யாராவது ஒரு அம்மாவோ அப்பாவோ என்னிடம் வந்து நிற்பார்கள். "டீச்சர், பிள்ளை மியூசிக்தான் படிப்பேன் என்கிறான், என்ன செய்வது?" கூழ் ஆறுவதற்குள் பதில் சொல்லி முடிக்க முடிவதில்லை. அதனால் எழுதி வைத்துவிட்டேன். புல்லாங்குழல், ஓபோ, கிளாரினெட், பஸூன், சாக்ஸஃபோன் வாசிக்கும் பிள்ளைகளுக்கு மட்டும்தான் இது. வயலினுக்கும் பியானோவுக்கும் வேறு ஆளைப் பாருங்கள்.

எந்தப் பல்கலைக்கழகம் பெரியது?

பெயர்களைச் சொல்லிவிடுகிறேன். ஸ்டெல்லன்போஷின் கன்சர்வட்டோரியம் 1905-இல் தொடங்கியது, நாட்டிலேயே பழையது. கேப் டவுன் பல்கலைக்கழகத்தின் சவுத் ஆஃப்ரிக்கன் காலேஜ் ஆஃப் மியூசிக் 1910. பிரிட்டோரியா, ஜோஹானஸ்பர்க்கில் விட்ஸ், போட்செஃப்ஸ்ட்ரூமில் நார்த்-வெஸ்ட், புளூம்ஃபொன்டெய்னில் ஃப்ரீ ஸ்டேட், மகாண்டாவில் ரோட்ஸ், கெபெர்காவில் நெல்சன் மண்டேலா. நம் டர்பனில் ஹோவர்ட் காலேஜ் வளாகத்தில் குவாசுலு-நடால் பல்கலைக்கழகம்.

இதில் எது பெரியது என்று கேட்டால் பதில் சொல்ல மாட்டேன், கேள்வியே தப்பு. உங்கள் பிள்ளை நான்கு வருஷம் வாரம் ஒரு மணி நேரம் ஒரு மனிதரோடு ஒரு அறையில் உட்காரப்போகிறான். அந்த மனிதர் யார்? மற்ற வகுப்புகள், நூலகம், அரங்கம் எல்லாம் இந்தக் கேள்விக்கு அப்புறம்தான்.

நான் பெயரைப் பார்த்துப் போனவள். எந்த இடம் என்று சொல்லப்போவதில்லை. போய்ச் சேர்ந்த வருஷமே கிளாரினெட் ஆசிரியர் வேலையை விட்டுப் போய்விட்டார். ஒரு டெர்ம் முழுக்க ஆளில்லை. அப்புறம் வந்தவர் நல்ல புல்லாங்குழல்காரர், நல்ல மனிதரும்கூட. ஆனால் ரீட்டை, அதாவது வாயில் வைத்து ஊதும் நாணல் பட்டையை, உதட்டில் வைத்தால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியாதே! தொண்டையை இறுக்கி வாசிக்கும் பழக்கம் எனக்கு அந்த வருஷம் ஒட்டிக்கொண்டது. அதைக் கழற்ற மூன்று வருஷம் ஆயிற்று.

அந்த ஆசிரியர் யார் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

துறை அலுவலகத்துக்கு எழுதுங்கள். "என் மகள் ஓபோ வாசிக்கிறாள், அடுத்த வருஷம் ஓபோ சொல்லிக் கொடுப்பவர் யார்?" என்று நேராகக் கேளுங்கள். இதற்குப் பெயர் சொல்லிப் பதில் வரவேண்டும். "எங்களிடம் திறமையான ஊது வாத்தியப் பிரிவு உள்ளது" என்று வந்தால், ஓபோவுக்கு ஆள் இல்லை என்று பொருள்.

பியானோவுக்கும் பாட்டுக்கும் முழுநேர ஆசிரியர் இருப்பார். ஊது வாத்தியத்துக்குப் பல இடங்களில் பகுதிநேரம்தான். பக்கத்து ஆர்கெஸ்ட்ராவில் வாசிப்பவர் வந்து பாடம் எடுத்துவிட்டுப் போவார். அதைக் குறை என்று நினைக்காதீர்கள். நேற்று இரவு மேடையில் வாசித்தவர் இன்று காலை உங்கள் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கிறார் என்றால் அது கொடுப்பினைதான். ஆனால் அவர் கச்சேரிப் பயணம் போனால் பாடம் என்ன ஆகும், விட்டுப்போன பாடத்தை ஈடு செய்வாரா என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்கும் மேலே ஒன்று. அந்த ஆசிரியரிடம் ஒரே ஒரு பாடம் கேளுங்கள், காசு கொடுத்தாவது. பெரும்பாலானவர்கள் சம்மதிப்பார்கள். ஜூலை விடுமுறையில் பஸ் ஏறிப் போய்வரலாம். பாடம் முடிந்து வெளியே வரும் பிள்ளையின் முகத்தைப் பாருங்கள். "ரொம்பப் பாராட்டினார்" என்று சொன்னால் எனக்குக் கொஞ்சம் சந்தேகம். "ஒரு ஸ்வரத்தையே அரை மணி நேரம் வாசிக்க வைத்தார், ஆனால் இப்போது புரிகிறது" என்று சொன்னால் விண்ணப்பப் படிவத்தை எடுங்கள்.

அங்கே படிக்கும் மாணவர்களிடமும் பேசச் சொல்லுங்கள். ஆர்கெஸ்ட்ராவில் முதல் வருஷப் பிள்ளைக்கு இடம் கிடைக்குமா? கிளாரினெட் வாசிப்பவர் பன்னிரண்டு பேர் இருந்து, ஆர்கெஸ்ட்ராவில் இரண்டு நாற்காலிதான் என்றால், உங்கள் பிள்ளை மூன்றாம் வருஷம் வரை வேடிக்கை பார்க்கவேண்டியதுதான். சின்னத் துறையில் முதல் வாரமே உட்காரவைத்து வாசிக்கச் சொல்வார்கள். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும்.

பி.மியூஸ், டிப்ளமோ, பி.ஏ. என்ன வித்தியாசம்?

பி.மியூஸ் என்பது இசையில் இளங்கலைப் பட்டம், நான்கு வருஷம். வாசிப்போடு இசைக் கோட்பாடு, வரலாறு, காதுப் பயிற்சி எல்லாம் உண்டு. மெட்ரிக்கில், அதாவது பள்ளியின் கடைசி வகுப்பான கிரேட் 12-இல், பட்டப்படிப்பில் சேரத் தகுதி தரும் பேச்சலர் பாஸ் வேண்டும். டிப்ளமோவில் வாசிப்பு அதிகம், எழுத்து குறைவு. பி.ஏ.வில் இசையை ஒரு பாடமாக எடுத்துக்கொண்டு மூன்று வருஷத்தில் முடிக்கலாம், மொழியோ உளவியலோ கூடவே படிக்கலாம். எல்லா இடத்திலும் எல்லாம் கிடையாது, கேட்டுக்கொள்ளுங்கள்.

பள்ளியில் ஆசிரியராகும் எண்ணம் கொஞ்சமாவது இருந்தால் பி.மியூஸ் முடித்து ஒரு வருஷ ஆசிரியர் பட்டயமும் படித்துவிடலாம். "வீட்டில் வற்புறுத்தினார்கள்" என்று இசைக் கல்வியை எடுத்து, வகுப்பறையை வெறுக்கும் ஆசிரியர் ஆகாதீர்கள். அப்படிப்பட்டவர்களிடம் நான் படித்திருக்கிறேன்.

கிரேட் 8 முடித்தால்தான் சேர்ப்பார்களா?

இந்தக் 'கிரேட்' படுத்தும் பாடு இருக்கிறதே! பள்ளியில் கிரேட் 11, இசைத் தேர்வில் கிரேட் 8, இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை. யுனிசா, டிரினிட்டி, அசோசியேட்டட் போர்டு இவற்றின் தேர்வுகள் எட்டு கிரேட் வரை போகும். பி.மியூஸ் சேர வாசிப்பில் ஏழோ எட்டோ இருந்தால் நல்லது, கோட்பாட்டில் ஐந்துக்குக் குறையாமல். ஆனால் சான்றிதழ் கதவைத் திறக்கும், அவ்வளவுதான். உள்ளே விடுவது ஆடிஷன், நேரில் வாசித்துக் காட்டும் தேர்வு.

நம் பிள்ளைகளுக்கு இடறும் இடம் கோட்பாடுதான். வாசிப்பில் கிரேட் 8 டிஸ்டிங்ஷன், கோட்பாட்டில் கிரேட் 3 என்று வருகிறவர்களை வருஷா வருஷம் பார்க்கிறேன். கிரேட் 10 விடுமுறையிலேயே தொடங்கிவிடுங்கள்.

ஆடிஷனில் என்ன வாசிப்பது?

ஒன்றுக்கொன்று மாறுபட்ட இரண்டு உருப்படிகள், ஸ்கேல்கள், பார்த்தவுடன் வாசிப்பது, காதுச் சோதனை. சில இடங்களில் எழுத்துத் தேர்வும் உண்டு. கிளாரினெட்டுக்கு 1791-இல் மொஸார்ட் எழுதிய கன்செர்ட்டோவின் இரண்டாம் பகுதியை எல்லாரும் வாசிப்பார்கள். மெதுவாக இருக்கிறதே, சுலபம் என்று நினைத்துவிடாதீர்கள். மூச்சும் சுருதியும் ஒளிந்துகொள்ள அதில் இடமே இல்லை. 1811-இல் வேபர் எழுதிய கன்செர்ட்டீனோவைக் கூடவே வைத்தால் வேகமும் காட்டலாம். ஆனால் முடிகிறதைவிட ஒரு படி குறைந்த உருப்படியை எடுங்கள். நடுவர்களுக்கு வேண்டியது உங்கள் சாகசம் இல்லை, அவர்கள் சொல்வதைக் கேட்டுத் திருத்திக்கொள்கிற பிள்ளையா என்பதுதான். நடுவில் நிறுத்தி "இதையே கொஞ்சம் மென்மையாக வாசி" என்று சொன்னால் பயப்படாதீர்கள், நல்ல அறிகுறி அது.

ஆடிஷன்கள் பெரும்பாலும் செப்டம்பர், அக்டோபரில் வரும். நமக்குப் புரட்டாசி. விரதம் இருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் வெறும் வயிற்றோடு போய் நீண்ட ஸ்வரம் பிடிக்காதீர்கள். மயக்கம் போட்டு விழுந்த பிள்ளையை எனக்குத் தெரியும்.

கோயிலில் நாகஸ்வரம் கற்ற பிள்ளை. இங்கே அது உதவுமா, இடைஞ்சலா?

இரண்டும். காது அபாரமாக இருக்கும், சுருதி விலகினால் உடனே தெரியும், மூச்சுப் பலம் இருக்கும். கேட்டதைத் திருப்பி வாசிப்பான். ஆனால் ஐந்து கோட்டில் எழுதும் ஸ்டாஃப் நோட்டேஷன் வாசிப்பதில் தடுமாறுவான், கமகம் இல்லாமல் ஒரு ஸ்வரத்தை அப்படியே நிறுத்தி வைக்கச் சொன்னால் கை அரிக்கும். என் அப்பாவிடம் கற்ற பையன் ஒருவன் வேபரை வாசித்தபோது, நீண்ட ஸ்வரங்கள் எல்லாம் லேசாகத் தோடி வாடை அடித்தன. எனக்கு அழகாகத்தான் இருந்தது. ஆடிஷனில் அதைச் சொல்ல முடியாது.

நாகஸ்வரக் குடும்பம் என்றாலே கிளாரினெட் எடுத்துவிடுகிறார்கள். காரணம் புரிகிறது. கர்நாடக இசைக்குள் கிளாரினெட் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே சின்னமேளம் என்ற சதிர் நாட்டியக் குழு வழியாக வந்துவிட்டது, ஏ.கே.சி. நடராஜன் அதைத் தனிக் கச்சேரி வாத்தியமாக்கிக் காட்டினார். ஆனால் வாயில் வைப்பதைப் பாருங்கள். கிளாரினெட்டிலும் சாக்ஸஃபோனிலும் ஒற்றை ரீட். நாகஸ்வரத்தின் சீவாளி இரட்டை. அதன் நெருங்கிய உறவு ஓபோவும் பஸூனும்தான். ஓபோக்காரர் தன் ரீட்டைத் தானே சீவி, கட்டி, மறுபடி சீவிக்கொண்டே இருப்பார். அப்பா சீவாளியோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு அது புதிதாக இருக்காது.

ஓபோ, பஸூன் வாசிப்பவர்கள் குறைவு. இளைஞர் ஆர்கெஸ்ட்ராக்களும் பல்கலைக்கழகங்களும் அவர்களைத் தேடிக்கொண்டிருக்கும். கிளாரினெட்டில் சராசரியாக இருக்கும் பிள்ளை கிரேட் 9-இல் பஸூனுக்கு மாறினால், மெட்ரிக்கில் அவனை நான்கு இடத்தில் கூப்பிடுவார்கள். வாத்தியத்தின் விலை அதிகம், உண்மைதான். பள்ளி வாத்தியமோ இளைஞர் ஆர்கெஸ்ட்ரா வாத்தியமோ இரவல் கிடைக்குமா என்று முதலில் கேளுங்கள்.

மகன் சாக்ஸஃபோன். கிளாசிக்கலா, ஜாஸா?

அவன் எதைக் கேட்கிறான் என்று பாருங்கள், பதில் அதில் இருக்கிறது. சாக்ஸஃபோனுக்கு சிம்ஃபொனி ஆர்கெஸ்ட்ராவில் நிரந்தர நாற்காலி கிடையாது. கிளாஸுனோவ் 1934-இல் எழுதிய கன்செர்ட்டோ போல நல்ல உருப்படிகள் உண்டு, ஆனால் பிழைப்பு பெரும்பாலும் ஜாஸ் பக்கம்தான்.

ஜாஸ் என்றால் டர்பனை விட்டு ஓடவேண்டியதில்லை. 1983-இல் ஜாஸ் பியானோக்காரர் டேரியஸ் புரூபெக் அப்போதைய நடால் பல்கலைக்கழகத்தில் தொடங்கியதுதான் ஆப்பிரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் வந்த முதல் ஜாஸ் பட்டப்படிப்பு. சாக்ஸஃபோனும் புல்லாங்குழலும் வாசித்த ஸிம் ங்கவானா படித்த இடம் அது. 2004-இல் நடாலும் டர்பன்-வெஸ்ட்வில்லும் இணைந்து குவாசுலு-நடால் ஆயிற்று. ஜாஸ் அதே ஹோவர்ட் காலேஜ் மேட்டில்தான். கேப் டவுனிலும் பிரிட்டோரியாவின் ட்ஷ்வானே தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் ஜாஸ் உண்டு.

ஜாஸ் சாக்ஸஃபோன்காரன் கிளாரினெட்டும் புல்லாங்குழலும் ஓரளவு வாசிக்கக் கற்றால், மேடை நாடகக் கூடங்களில் வேலை கிடைக்கும். ஒரே ஆள் மூன்று வாத்தியம் மாற்றி வாசிப்பதற்குக் கூடுதல் காசும் கொடுப்பார்கள்.

ஜோஹானஸ்பர்க், பிரிட்டோரியா பக்கம் போனால் வாத்தியம் தாங்குமா?

யாரும் கேட்காத கேள்வி இது, ஆனால் கேட்டே ஆகவேண்டும். டர்பன் கடல் மட்டம், காற்றில் எப்போதும் ஈரம். ஜோஹானஸ்பர்க் சுமார் 1,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜூன், ஜூலை, ஆகஸ்டில் அங்கே காற்று வறண்டு உதடே வெடிக்கும்.

நல்ல கிளாரினெட்டும் ஓபோவும் செய்வது ஆப்பிரிக்க பிளாக்வுட் மரத்தில். தான்சானியாவிலும் மொசாம்பிக்கிலும் வளர்ந்த மரம் ஐரோப்பா போய், வாத்தியமாகி, பத்து மடங்கு விலையில் நம் கண்டத்துக்கே திரும்பி வருகிறது. அது தனி வயிற்றெரிச்சல். இந்த மரம் உள்ளே சூடான ஈர மூச்சும் வெளியே குளிர்ந்த வறண்ட காற்றும் பட்டால் ஒரே அளவாக விரிவதில்லை. அப்போதுதான் வெடிப்பு விழும். அதற்கு முன்னே ஒரு அறிகுறி வரும். மூட்டுகளில் இருக்கும் உலோக வளையம் தளர்ந்து சுற்ற ஆரம்பிக்கும். மரம் சுருங்குகிறது என்று அர்த்தம். பெட்டிக்குள் ஈரம் காக்கும் சின்ன டப்பா ஒன்றை வையுங்கள். ஆரஞ்சுத் தோலை வைத்துச் சமாளிக்கிறவர்களும் உண்டு. காலையில் எடுத்தவுடன் ஊதாமல், கையால் தடவிச் சூடாக்கிவிட்டு ஊதச் சொல்லுங்கள். பிளாஸ்டிக் கிளாரினெட்டுக்கு இந்தக் கவலை இல்லை. குளிர்காலத்தில் பயிற்சிக்கு அதையும், கச்சேரிக்கு மரத்தையும் வைத்துக்கொள்ளும் மாணவர்களைப் பார்த்திருக்கிறேன், புத்திசாலிகள்.

ரீட்டும் மாறும். இங்கே மூன்றாம் எண் ரீட் வாசித்த என் மாணவன் அங்கே போன முதல் வாரம் ஃபோன் செய்தான். "டீச்சர், ரீட் எல்லாம் கட்டையாகிவிட்டது, எனக்கு வாசிக்கவே வரவில்லை." அழுகிற நிலை. உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் அதே ரீட் கடினமாகத் தெரியும். இரண்டரைக்கு இறங்கச் சொன்னேன், சரியாகிவிட்டது. அதற்குள் அவன் மவுத்பீஸையே மாற்றக் கடைக்குக் கிளம்பியிருந்தான். ஆடிஷனுக்கு அங்கே போகும்போதும் இதை மறக்காதீர்கள். முடிந்தால் ஒரு நாள் முன்னதாகப் போய், கையில் இரண்டு எண்ணிலும் ரீட் வைத்துக்கொள்ளுங்கள்.

செலவுக்கு என்ன வழி?

வீட்டு வருமானம் வருஷத்துக்கு 3,50,000 ராண்டுக்குள் இருந்தால் அரசுப் பல்கலைக்கழகத்தில் படிக்க அரசின் மாணவர் நிதியுதவித் திட்டமான என்.எஸ்.எஃப்.ஏ.எஸ். உதவி உண்டு, இசைப் படிப்பும் இதில் சேரும். அதற்கு மேலே இருக்கும் வீடுகளுக்குத்தான் திண்டாட்டம், அந்த நடுத்தட்டில்தான் நம்மில் பாதிப் பேர். இசைத் துறைகள் ஆடிஷன் மதிப்பெண்ணை வைத்துத் தனியாக உதவித்தொகை தருவதுண்டு. பல்கலைக்கழக ஆர்கெஸ்ட்ராவில் வாசிப்பதற்கும் சில இடங்களில் தருவார்கள். விண்ணப்பத்தில் அதற்குத் தனிக் கட்டம் இருக்கும், விட்டுவிடாதீர்கள்.

கல்விக் கட்டணத்தை மட்டும் கணக்குப் போடாதீர்கள். ரீட், வாத்தியத்துக்கு வருஷம் ஒரு சர்வீஸ், பியானோ துணை வாசிப்பவருக்குக் காசு, இன்ஷூரன்ஸ். இன்ஷூரன்ஸ் கட்டாயம்.

படித்து முடித்தால் வேலை?

மழுப்பாமல் சொல்கிறேன். சிம்ஃபொனி ஆர்கெஸ்ட்ராவில் வயலின் இருபது பேருக்கு மேல், கிளாரினெட் இரண்டு மூன்று பேர். டர்பனில் குவாசுலு-நடால் ஃபில்ஹார்மானிக், கேப் டவுனில் கேப் ஃபில்ஹார்மானிக், ஜோஹானஸ்பர்க்கில் ஒன்று. அரசு ஒலிபரப்பு நிறுவனமான எஸ்.ஏ.பி.சி. வளர்த்த தேசிய சிம்ஃபொனி 2000-இல் மூடப்பட்டது. ஒரு நாற்காலி காலியாகப் பத்து வருஷமும் ஆகலாம்.

ஆனால் ஊது வாத்தியக்காரருக்கு வயலின்காரருக்கு இல்லாத ஒரு வாசல் உண்டு. ராணுவம், கடற்படை, போலீஸ் பேண்டுகள். அங்கே வயலினுக்கு இடமில்லை, கிளாரினெட்தான் அங்கே வயலின். மாதச் சம்பளம், மருத்துவம், ஓய்வூதியம். இதைச் சொன்னால் சில அப்பாக்கள் முகம் உடனே மலரும். அப்புறம் பள்ளி ஆசிரியர், வீட்டு வகுப்பு, கல்யாணக் கச்சேரி, ஸ்டூடியோ. எனக்குத் தெரிந்த ஊது வாத்தியக்காரர் எல்லாரும் இதில் மூன்றையாவது சேர்த்துச் செய்கிறவர்கள்தான். நான் உள்பட.

இந்தியாவுக்கு அனுப்பலாமா?

நாகஸ்வரத்துக்கோ கர்நாடகப் புல்லாங்குழலுக்கோ என்றால் தாராளமாக. திருவையாற்றிலும் சென்னையிலும் மதுரையிலும் அரசு இசைக் கல்லூரிகள் உண்டு, இந்திய அரசின் ஐ.சி.சி.ஆர். உதவித்தொகைக்கும் நம் பிள்ளைகள் விண்ணப்பிக்கலாம். திரும்பி வந்து இங்கே பள்ளி வேலைக்குப் போவதென்றால் அந்தப் பட்டத்தை இங்குள்ள கல்வித் தகுதி ஆணையமான சாக்வாவிடம் கொடுத்து மதிப்பிட வேண்டும், அதைக் கிளம்பும் முன்பே விசாரித்துவிடுங்கள். ஓபோவும் பஸூனும் படிக்க இந்தியா போகாதீர்கள்.

எப்போது தொடங்குவது?

கிரேட் 11-இல் ஆசிரியர்களைத் தேடுங்கள். மெட்ரிக் வருஷம் ஏப்ரல் வாக்கில் விண்ணப்பங்கள் திறக்கும். கேப் பக்கம் பெரும்பாலும் ஜூலை, ஆகஸ்டுக்குள் மூடிவிடுவார்கள், ஆடிக் கூழ் வரை காத்திருந்தால் போச்சு. குவாசுலு-நடாலுக்கு சி.ஏ.ஓ. என்ற மைய விண்ணப்ப அலுவலகம் வழியாகப் போகவேண்டும், அங்கே இன்னும் கொஞ்சம் அவகாசம் இருக்கும். தேதிகள் வருஷத்துக்கு வருஷம் நகரும், அந்த வருஷத்துத் தேதியைப் பாருங்கள். சி.ஏ.ஓ. விண்ணப்பம் போட்டதாலேயே ஆடிஷனுக்குப் பெயர் கொடுத்ததாக ஆகாது. துறைக்குத் தனியாக எழுதவேண்டும். இந்த ஒரு காரணத்தால் ஒரு வருஷம் இழந்த பிள்ளைகள் உண்டு.

பல்லுக்குக் கம்பி போடவேண்டும் என்கிறார் டாக்டர்.

போடுங்கள், ஆனால் கிரேட் 8, 9-இல். ஆடிஷன் வருஷத்தில் போட்டாலும் கழற்றினாலும் உதட்டின் பிடி மாறிவிடும், ஒலி திரும்பி வரச் சில மாதம் பிடிக்கும். ஏற்கெனவே போட்டிருந்தால் மெழுகு வைத்து வாசிக்கலாம். புல்லாங்குழல்காரர்களுக்கும் இது பொருந்தும்.

விடுதியில் வாசிக்க விடுவார்களா?

பெரும்பாலும் விடமாட்டார்கள். இசைத் துறையின் பயிற்சி அறைகள் எத்தனை மணிவரை திறந்திருக்கும், இரவில் மாணவர்கள் திரும்ப வண்டி உண்டா என்று கேளுங்கள். மகளை அனுப்புகிறவர்கள் மட்டும் இதைக் கேட்கிறார்கள், மகனை அனுப்புகிறவர்களும் கேட்கவேண்டும்.

வீட்டில் இருந்து படிக்கிற பிள்ளைக்கு வேறு சிக்கல். சாட்ஸ்வொர்த் வீடுகளில் இரண்டு குடும்பத்துக்கு நடுச்சுவர் ஒன்றுதான். என் பக்கத்து வீட்டு ஆயா நான் மாணவியாக இருந்த காலம் முழுக்க ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. எட்டரை மணி ஆனால் மட்டும் சுவரில் இரண்டு தட்டு, அவருடைய டிவி நாடகம் ஆரம்பம் என்று. நான் வாத்தியத்தைத் துடைத்துப் பெட்டியில் வைத்துவிடுவேன்.